தீபாவளிக்கு நம்மூர்ப் பொருள்: எதை வாங்கினேன், எதை விட்டேன்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கம் பெயர்கள் ஏறத் தொடங்கும். யார் யாருக்குத் தீபாவளிக்கு என்ன என்ற பட்டியல். இந்த முறை பதினோரு பேர். புனேயில் இருக்கும் அக்கா, தலை தீபாவளி கொண்டாடப் போகும் அவள் மகள், புது மாப்பிள்ளை, என் மாமியார், வீட்டு வேலைக்கு உதவ வரும் அக்கா, குடியிருப்பின் காவலாளி அண்ணாச்சி, அலுவலகத்தில் நான்கு பேர், கீழ் வீட்டு நாலு வயதுக் குட்டி. கையில் 12,000 ரூபாய். வாங்குவதெல்லாம் இங்கே செய்ததாக இருக்க வேண்டும் என்று நானே போட்டுக்கொண்ட ஒரு கட்டுப்பாடு வேறு.

மூன்று வருஷமாக இப்படித்தான் வாங்குகிறேன். ஆரம்பத்தில் 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்று அட்டையில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். இப்போது அந்த வரியை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். பரிசை வாங்கிக்கொள்கிறவர் அடுத்த ஐப்பசியிலும் அதை எடுத்துப் புழங்குவாரா என்பதுதான் முதல் கேள்வி. போய்ச் சேரும்வரை கெடாதா என்பது அடுத்தது. கொடுக்கிற காசு செய்தவர் கைக்குப் போகுமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் 'ஆமாம்' வருகிற பொருள் குறைவு. அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் பட்டியலிலிருந்து நான் அடித்தது உலர்பழப் பெட்டியை. அலுவலகங்களில் தீபாவளி என்றாலே அந்தத் தங்க நிறப் பெட்டிதான். அட்டை நம்மூரில் அச்சானது, ரிப்பன் நம்மூர், பேர் எழுதிய கடை நம்மூர். உள்ளே இருக்கும் பாதாம் பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலிருந்து கப்பலேறி வந்தது. அத்திப்பழம் ஆப்கானிஸ்தான், பிஸ்தா ஈரானோ அமெரிக்காவோ, பேரீச்சை வளைகுடா நாடு. பண்ருட்டியை நினைத்துக்கொண்டு முந்திரியையாவது நம்முடையது என்று சொல்லலாமா என்றால், அதிலும் நாம் உடைத்துப் பருப்பெடுக்கும் கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. சத்தான பொருள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம்மூர்ப் பொருள் என்ற கணக்கில் அது தேறாது.

இணையத்தில் வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். பொருளின் பக்கத்தில் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று காட்ட வேண்டும் என்பது விதி. கீழே விவரங்களுக்குள் ஒளிந்திருக்கும், தேடிப் பார்த்துவிடுங்கள். கையில் எடுத்துப் பார்க்கும் பொட்டலம் என்றால் 'தயாரித்தவர்' என்று போட்டிருக்கிறதா, 'இறக்குமதி செய்து பொட்டலமிட்டவர்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சீரியல் பல்பு வாங்கும்போது இதைப் பார்த்தால் பாதிக் கடையைத் தாண்டி நடக்க வேண்டியிருக்கும்.

சரி, தின்பண்டத்துக்கு வருவோம். திருநெல்வேலிக்காரியான எனக்கு இதில் ஓரவஞ்சனை உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு ஈடு கிடையாது. பாலும் சர்க்கரையும் மட்டும், விறகடுப்பில் கிளறிக் கிளறி எடுத்தது. ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளைப் பதிந்து காக்கும் புவிசார் குறியீடும் 2019இல் வாங்கிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கிலோவை அக்காவுக்குக் கூரியரில் அனுப்பினேன். இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். தீபாவளி நெரிசலில் எங்கோ ஒரு கிடங்கில் கிடந்து ஏழாம் நாள் போய்ச் சேர்ந்தது. "ஏட்டி, என்னத்த அனுப்பிருக்க? பெட்டியத் தொறந்தா புளிச்ச வாடை" என்று போன் வந்தது. கூரியர்காரரைத் திட்டினேன். ஆனால் தப்பு என்னுடையதும்தான். பால்கோவா ஒரு வாரத்துக்கு மேல் வெளியில் தாங்காது என்று தெரிந்தே அனுப்பினேன். அதை நேரில் கையோடு கொண்டுபோகும் வீட்டுக்குத்தான் வாங்க வேண்டும்.

தூரத்துக்கு அனுப்ப என்றால் அல்வா. கோதுமைப் பாலும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்து கெட்டிப்பட்ட பண்டம், சீக்கிரம் கெடாது. பெட்டி குப்புற விழுந்தாலும் உடைவதற்கு ஒன்றுமில்லை. கோதுமை திருநெல்வேலியில் விளைவதில்லை, வடக்கிலிருந்துதான் வருகிறது. அதனால் என்ன, தேசத்துக்குள்தானே. நெய் மணம் போகாமல் இருக்க வாழையிலையில் வைத்துக் கட்டாமல் காற்றுப் புகாத டப்பாவில் போடச் சொல்லுங்கள். இலைக்கட்டு பார்க்க அழகு, ரயிலுக்கும் கூரியருக்கும் ஆகாது.

தூத்துக்குடி மக்ரூன் எடை குறைவு, எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் செய்வது. முந்திரி இனிப்பு என்று நினைத்துச் சைவ வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் பண்டிகை நாளில் சங்கடம். தவிர, பெட்டியில் அழுத்திப் போட்டால் பாதி மாவாகத்தான் போய்ச் சேரும்.

மணப்பாறை முறுக்கு இரண்டு முறை எண்ணெயில் போட்டு எடுப்பது, மொறுமொறுப்பு நிற்கும். ஆனால் ஐப்பசி அடைமழையில் ஒரு முறை பொட்டலத்தைத் திறந்துவிட்டால் மறுநாள் சவசவத்துவிடும். உள்ளூரில் உடனே தின்னும் வீட்டுக்கு நல்லது.

அலுவலகத்து நான்கு பேருக்கும் நான் எடுத்தது கோவில்பட்டி கடலை மிட்டாய். கரிசல் நிலத்து நிலக்கடலை, வெல்லப் பாகு, மேலே கொஞ்சம் நிறம் சேர்த்த தேங்காய்ப்பூ. நல்ல மிட்டாயை எப்படிக் கண்டுபிடிப்பது? விரலால் ஒடித்தால் 'டக்'கென்று சத்தத்தோடு உடைய வேண்டும். வளைந்தால் பாகு பதம் தப்பியது, இல்லை ஈரம் ஏறியது. வாயில் போட்டால் பல்லில் ஒட்டாமல் கடலையும் பாகும் சேர்ந்து கரைய வேண்டும். 2020இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் கோவில்பட்டி என்று பலகை மாட்டிய எல்லாக் கடையும் கோவில்பட்டி ஆகிவிடாது. குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு செய்துகொண்ட தயாரிப்பாளர்கள் மட்டும்தான் அந்தப் பெயரைப் போட உரிமையுள்ளவர்கள். நாடு முழுவதுக்குமான அந்தப் பதிவகமே சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. இருந்தும் நம்மூர் நெடுஞ்சாலைக் கடைகளில் இந்தப் பெயர் இஷ்டத்துக்குப் புழங்குகிறது. பொட்டலத்தின் பின்னால் செய்தவர் முகவரியில் கோவில்பட்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். விலையும் கட்டுப்படியாகும். நான்கு பேருக்கு அரைக் கிலோ வீதம் வாங்கியும் ஆயிரத்துக்குள் முடிந்தது.

ஆனால் தின்பண்டம் என் முதல் கேள்வியில் தோற்கிறது. அடுத்த வருஷம் அது இருக்காது. பழக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது சரி. நெருங்கின மனிதர்களுக்குத் துணிதான் என்று என் அம்மா காலத்திலிருந்து பழக்கம். துணிக்குள் போனால் பெரிய காடு.

கதர், கைத்தறி, விசைத்தறி மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் இருந்தேன். கையால் நூற்ற நூலைக் கையால் நெய்தால் கதர். ஆலையில் நூற்ற நூலைக் கையால் நெய்தால் கைத்தறி. அதே நூலை மின்சாரத்தில் ஓடும் தறியில் நெய்தால் விசைத்தறி. மூன்றும் நம் நாட்டில் செய்வதுதான். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் சோமனூரிலும் விசைத்தறியை நம்பி எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதனால் விசைத்தறித் துணி வாங்குவதில் எந்தப் பாவமும் இல்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லிக் கைத்தறி விலைக்கு விற்பதில்தான் கோபம் வருகிறது. 1985இல் வந்த சட்டம் ஒன்று குறிப்பிட்ட துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. இப்போது பதினோரு வகை அதில் இருக்கிறது. ஒதுக்கி என்ன, கண்காணிக்க ஆள் வேண்டுமே.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்து நிலையம் அருகே ஒரு கடையில் பவானி ஜமக்காளம் என்று ஒன்று வாங்கினேன். சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக, பார்க்க அசல். விலையும் சல்லிசு. வீட்டில் முதல் முறை நனைத்ததும் சிவப்பு பச்சைக்குள் இறங்கிவிட்டது. காய்ந்தபின் ஓரம் முறுக்கிக்கொண்டது. பிறகுதான் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பவானி ஜமக்காளம் என்ற பெயரில் சோலாப்பூர்ப் பக்கத்து விசைத்தறி விரிப்புகள் நெடுநாளாக விற்கப்படுகின்றன என்று. பவானிக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அந்தப் பதினோரு வகையில் ஜமக்காளமும் ஒன்று. இரண்டும் இருந்தும் இந்த நிலைமை. அசல் ஜமக்காளம் குழித்தறியில் தடித்த நூலில் நெய்தது. கையில் எடுத்தாலே கனம் தெரியும். நனைத்துவிட்டால் ஒருவர் தூக்கிப் பிழிய முடியாது, இரண்டு பக்கம் இரண்டு பேர் வேண்டும். நான் வாங்கியதை ஒரு கையால் உதறிக் கொடியில் போட்டேன். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

கைத்தறிச் சேலையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நெய்யும்போது துணி அகலம் சுருங்காமல் இருக்க, இரண்டு முனையிலும் ஊசி உள்ள ஒரு குச்சியைக் குறுக்கே குத்தி இழுத்துப் பிடித்திருப்பார்கள். நெய்ய நெய்ய அதை நகர்த்திக்கொண்டே போவார்கள். அதனால் சேலையின் இரு ஓரத்திலும் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கொஞ்சம் ஏறக்குறைய இருக்கும், அளந்து வைத்தாற்போல் இருக்காது. இதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. நான் கூடவே கைத்தறி முத்திரை உள்ள சீட்டையும் தேடுவேன். 2006இலிருந்து அந்த முத்திரை நடப்பில் இருக்கிறது. பட்டு என்றால் அதற்குத் தனியாகப் பட்டு முத்திரை.

பட்டைப் பற்றி இரண்டு வரி. தலை தீபாவளி என்றதும் எல்லோரும் காஞ்சிபுரம் என்பார்கள். கோர்வை போட்டு நெய்த அசல் காஞ்சிப் பட்டில், உடலும் கரையும் தனித்தனி நூலில் நெய்து ஒன்றோடொன்று பின்னப்படும். புரட்டிப் பார்த்தால் அந்தச் சேர்மானம் பல் பல்லாகத் தெரியும். குறுக்கே ஓடும் ஊடை நூலை இரு பக்கக் கரைக்கும் தனித் தனி நாடாவில் ஓட்ட நெசவாளரோடு இன்னொரு ஆளும் உட்கார வேண்டும். அந்த உழைப்புக்கு விலை நியாயம்தான். ஆனால் என் 12,000 ரூபாயும் அந்த ஒரு சேலைக்கே போய்விடும். தவிர, தலை தீபாவளிப் பட்டு பெற்றவர்கள் எடுப்பது. சித்திக்காரி அதில் போட்டி போடக் கூடாது.

அக்கா மகளுக்கு நான் எடுத்தது மதுரைச் சுங்குடி. இதிலும் இரண்டு ரகம் இருக்கிறது. துணியில் ஆயிரக்கணக்கான சின்ன முடிச்சுகளைக் கையால் போட்டுச் சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் கிடைப்பது ஒன்று. மெழுகு அச்சிலோ திரை அச்சிலோ புள்ளி வைத்தது இன்னொன்று. கடையில் இரண்டும் சுங்குடி என்றுதான் அடுக்கியிருக்கும். முடிச்சுச் சேலையில் புள்ளி முழு வட்டமாக இருக்காது. ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சிறிது, வரிசை லேசாக வளையும். விரலால் தடவினால் புள்ளி இருக்கும் இடத்தில் துணி குமிழாக எழும்பி நிற்கும். ஒரு முறை தேய்த்துவிட்டால் அந்தக் குமிழ் போய்விடும், அதனால் கடையிலேயே தடவிப் பார்த்துவிட வேண்டும். அச்சுச் சேலை மோசம் என்று சொல்ல மாட்டேன். தினமும் உடுத்த அதுதான் வசதி. பரிசுக்கு முடிச்சு.

கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைத் தள்ளுபடி 30 சதவீதம். 1,400 ரூபாய்ச் சேலை 980க்கு வந்தது. தள்ளுபடி கொடுத்தால் நெசவாளர் வயிற்றில் அடிக்கிறோமோ என்று எனக்கு முதலில் ஒரு உறுத்தல் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளருக்குச் சேலைக்கு இத்தனை என்று கூலி முன்பே கொடுத்தாகிவிடுகிறது. தள்ளுபடிக்கு அரசு மானியம் பின்னால் நிற்கிறது. 1935இலிருந்து இயங்கும் அமைப்பு அது. நிறை குறை எல்லாம் இருக்கும், ஆனால் யார் நெய்தது என்று தெரியாத இணையக் கடையைவிட எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் போனால் நல்ல நிறங்கள் எல்லாம் போயிருக்கும், மீதி இருப்பது மாம்பழ மஞ்சளும் மாத்திரை ரோஸும்தான். ஆயுத பூஜைக்கு முன்பே போய்விடுங்கள்.

சுங்குடியோடு ஒரு சீட்டும் வைத்தேன்: முதல் சலவையில் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஒரு கைப்பிடி கல் உப்புப் போட்டு அலசவும். புனேயில் இருக்கிற பெண் மெஷினில் மற்றத் துணியோடு போட்டுவிட்டால் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை வீணாய்ப் போகும். அந்த வெள்ளைச் சட்டையையும் நான்தானே அனுப்புகிறேன்.

மாப்பிள்ளைக்குக் கதர். மதுரை மேலமாசி வீதிக் கடையில் எடுத்தேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது அந்த வீட்டில்தான், இப்போது கீழே கதர்க் கடை. மதுரைக்காரர்களுக்கு அது தெரிந்த கதை. புதிதாகக் குடும்பத்துக்குள் வருகிறவரிடம் சொல்ல ஒரு கதையும் சேர்ந்து கிடைக்கிறது. காந்தி ஜெயந்தியன்று தொடங்கும் தள்ளுபடியும் இருக்கிறது. ஆனால் கதர் எல்லோருக்கும் பொருந்தாது. நூலில் திண்ணமும் மெலிவும் மாறி மாறி வருவதால் ஆலைத் துணி மாதிரி வழவழவென்று இருக்காது, சீக்கிரம் கசங்கும். இஸ்திரி போட அலுத்துக்கொள்கிறவர்களுக்குக் கொடுத்தால் பீரோவில் தூங்கும். மாப்பிள்ளை நிச்சயதார்த்தத்துக்கே பருத்திச் சட்டையில் வந்தவர் என்பதால் துணிந்தேன்.

இந்த இடத்தில் என் தலையில் விழுந்த ஒரு குட்டையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒரு கைத்தறி நூல் சேலை எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், பொங்கல் வரை கட்டவில்லை. கேட்டதற்கு, "கஞ்சி போட்டுத் தேய்க்க எனக்கு ஏதும்மா நேரம்? அலசி உதறிப் போட்டா கட்டிக்கிற மாதிரி சேலைதான் எங்களுக்குத் தோது" என்றார். நாலு வீடு வேலை பார்க்கிறவர். என் சுதேசி ஆசையை அவர் முதுகில் ஏற்றிவிட்டேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த வருஷம் முன்பே கேட்டேன். "போர்வை ஒண்ணு கொடும்மா, மழைக்காலம்" என்றார். சென்னிமலைக் கைத்தறிப் போர்வை ஒன்றும், சேலைக்கான காசைக் கையிலும் கொடுத்தேன். அவர் விசைத்தறிச் சேலை எடுத்துக்கொண்டார். நல்ல நீலம், அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

காவலாளி அண்ணாச்சிக்கு வேட்டியும் கைத்தறித் துண்டும். யோசிக்கவே வேண்டாம். துண்டு தோளில் கிடக்கும், முகம் துடைக்கும், நாற்காலியில் விரிக்கும், மழை வந்தால் தலையில் ஏறும். நான் சொன்ன முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் ஒரு பொருள் சொல்ல முடியாது.

கைவினைப் பொருட்களை இந்த முறை ஏறக்குறைய முழுதாக விட்டுவிட்டேன். அரசின் கைவினைக் கடையான பூம்புகாரில் போய் நின்றால் எல்லாம் வாங்கத்தான் தோன்றும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு எடைக்கு விலை, காலத்துக்கும் நிற்கும். ஆனால் அது கல்யாணத்துக்கும் புதுமனைக்கும் கொடுக்கிற சீர். எங்கள் வீட்டிலேயே மூன்று இருக்கிறது, ஏற்றுவது ஒன்று. தஞ்சாவூர்க் கலைத்தட்டு அலுவலக விருந்தாளிகளுக்கும் ஓய்வு பெறுகிறவர்களுக்கும் என்று ஆகிவிட்டது. தலையாட்டி பொம்மை குழந்தைக்குப் பிடிக்கும். காகிதக் கூழில் செய்தது என்று சொல்லி பிளாஸ்டிக்கைத் தலையில் கட்டுகிறார்கள், தட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

கீழ் வீட்டுக் குட்டிக்கு அம்பாசமுத்திரம் மரச் சொப்பு. கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றிய குட்டி அடுப்பு, ஆட்டுக்கல், உலக்கை, குடம். பொம்மைக்கு இறக்குமதி வரியை 2020இல் 20லிருந்து 60 சதவீதமாக்கினார்கள், அப்புறம் இன்னும் ஏற்றினார்கள். இருந்தாலும் கடைத்தெருவில் பேட்டரி பொம்மைகளுக்குக் குறைவில்லை. அவை பேட்டரி தீரும்வரை கத்தும். சொப்பை வைத்து நாள் முழுக்கச் சோறு ஆக்கலாம். ஒரே எச்சரிக்கை: விளையாடத் தெரியாத கைக்குழந்தைக்குச் சின்னச் சின்ன சாமான்கள் உள்ள பெட்டி ஆபத்து, வாயில் போட்டுக்கொள்ளும்.

கடைசியாக என் மாமியார். தரையில்தான் படுப்பார், கட்டில் பிடிக்காது. பழைய கோரைப் பாய் நார் நாராகப் பிரிந்துவிட்டது. கடையில் கிடைத்த பிளாஸ்டிக் பாயை என் கணவர் வாங்கி வந்தார். "இதுல படுத்தா முதுகெல்லாம் வேர்க்குது" என்று மாமியார் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார். ஜமக்காளம் எடுக்கலாமா, பாய் எடுக்கலாமா என்று யோசித்தேன். ஜமக்காளம் தடிமன், குளிருக்கு நல்லது. ஆனால் மதுரையில் குளிர் எத்தனை நாள்? தினமும் எடுத்துச் சுருட்டி வைக்க எழுபது வயதுக்காரருக்குக் கனமும் அதிகம். முசிறிப் பக்கம் இயந்திரத்தில் நெய்யும் கோரைப் பாய் விலை குறைவு, இலகு, இரண்டு மூன்று வருஷம் ஓடும். வெறும் கணக்குப் பார்த்தால் அதுதான் சரியான தேர்வு. நான் கணக்குப் பார்க்கவில்லை.

பாய்க்குப் பேர்போன பத்தமடை எனக்குத் தாய்வீட்டுப் பக்கம். சேரன்மகாதேவி போகிற வழி. தாமிரபரணி ஓரத்துக் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட்டு, உப்பியதை மறுபடி மெல்லிசாகக் கீறி எடுப்பார்கள். நீளவாட்டில் ஓடும் பாவுக்கு நூல் போடுவார்கள், விலை கூடினதென்றால் பட்டு நூல். அப்படி நெய்ததற்குப் பட்டுப் பாய் என்று பெயர். கையில் வாங்கினால் பாய் என்றே தோன்றாது, துணி மாதிரி மடிகிறது. 1953இல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்து கொடுப்பதும் இங்கேதான். 2013இல் புவிசார் குறியீடு.

பட்டுப் பாயின் விலை கேட்டு நான் கொஞ்சம் பின்வாங்கினேன். அதற்கும் சாதா பாய்க்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. நூல் பாவு, கோரை ஓரளவு மெலிசு, ஓரத்தில் சிவப்புப் பட்டை. தினசரி படுக்க அதுதான் தோது என்று நெய்கிற அம்மாவே சொன்னார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு குச்சிக் கோரையை எடுத்து, பல்லால் ஒரு நுனியைக் கவ்வி, கத்தியால் நீளத்துக்குக் கீறிக் காட்டினார். மயிரிழை கொஞ்சம் தடித்தால் எப்படி இருக்கும், அந்த அளவு. கடையில் வாங்கினால் இதே பாய்க்கு எத்தனை கைமாறி எவ்வளவு கூடும் என்று அவர் சொன்ன கணக்கில், நான் நேரில் போன பேருந்துச் செலவு வந்துவிட்டது. என் மூன்றாவது கேள்விக்குப் பட்டியலில் இருந்த எந்தப் பொருளும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லவில்லை.

ஒரே ஒரு குறை. கையில் தயாராகப் பாய் இல்லை. "கார்த்திகைக்குத்தான் முடியும்மா. மழைல கோரை காய மாட்டேங்குது" என்றார். தீபாவளிப் பரிசு தீபாவளிக்கு இல்லை. பாதி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெட்டிகளைக் கட்டி முடித்தபோது 12,000த்தில் முந்நூற்றுச் சொச்சம் மீதி இருந்தது. புனேக்கு அல்வா, சுங்குடி, கதர் மூன்றையும் ஒரே பெட்டியில், தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முன்பே அனுப்பினேன். நான்காம் நாள் போய்ச் சேர்ந்தது. மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கார்த்திகைக்கு வரட்டும், அவசரமில்ல. அது வரைக்கும் அந்தக் கிழிஞ்ச பாயவே எடுத்துப் போடு" என்று பிளாஸ்டிக் பாயைக் காட்டி, "இத மாடியில வத்தல் காயப்போட வச்சுக்கோ" என்றார்.